மாட்டுக்கா, மாட்டுக்காரருக்கா?

உத்திரமேரூரில் எனக்கு ஒரு பால்ய நண்பர் இருக்கிறார். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அவர் வீட்டுத் திண்ணையில் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தால்தான் எனக்குப் பேனா ஓடும் என்று ஒரு நம்பிக்கை. மூடநம்பிக்கை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சென்ற மார்கழியில் போனபோது பேனா ஓடவில்லை. அதற்குப் பதிலாக, இரவு பதினொரு மணிக்கு அவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் கையில் டார்ச் விளக்குடன் நான் நிற்க நேர்ந்தது.

அன்று மாலைதான் அவர்கள் வீட்டு மாடு கன்று ஈன்றிருந்தது. ஜெர்ஸிக் கலப்பு, நாலாவது ஈற்று, நல்ல கறவை. கன்று போட்ட மாடு எழுந்து நின்று கன்றை நக்கிக் கொடுக்கவில்லை. படுத்த இடத்திலேயே படுத்து, கழுத்தை விலாப் பக்கம் மடித்து வைத்துக்கொண்டு, கண்ணை எங்கேயோ நிலைக்கவிட்டிருந்தது. காதைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது.

"கண்ணு பட்டுடுச்சு" என்றார் நண்பரின் தாயார். எண்பது வயதான அந்த அம்மாளை வீட்டில் எல்லோரும் ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வீட்டில் நிலம் மகனுடைய பொறுப்பு. மாடு ஆயாவின் பொறுப்பு. கூட்டுறவுப் பால் சங்கத்தின் அட்டை ஆயாவின் பெயரில்தான் இருக்கிறது.

"கண்ணும் இல்லே, ஒண்ணும் இல்லே ஆயா. பால் காய்ச்சல்" என்றாள் பேத்தி.

பேத்தி கால்நடை மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். எந்தக் கல்லூரி என்பது இந்தக் கட்டுரைக்கு முக்கியமில்லை. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தாள்.

பால் காய்ச்சல் என்பது பெயருக்குத்தான் காய்ச்சல். அதில் உடம்பு சுடாது, குளிர்ந்துபோகும். கன்று ஈன்றவுடன் மடியில் பால் சுரக்கத் தொடங்குகிறபோது, இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து பாலோடு சேர்ந்து இறங்கிவிடுகிறது. எலும்பிலிருந்து அதை எடுத்து ஈடுகட்ட உடம்புக்கு அவகாசம் போதுவதில்லை. தசைகள் சோர்ந்துவிடுகின்றன. எவ்வளவுக்கெவ்வளவு மாடு நிறையக் கறக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு இந்த ஆபத்தும் அதிகம். கவனிக்காமல் விட்டால் விடிவதற்குள் மாடு போய்விடும்.

மருத்துவர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றி, சுண்ணாம்பு மருந்துப் புட்டியை உயரத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். மருந்தை வேகமாக விட்டால் இருதயமே நின்றுவிடுமாம். அதனால் பேத்தி மாட்டின் மார்போடு மார்பாகச் சாய்ந்து, ஸ்டெதாஸ்கோப்பில் துடிப்பை எண்ணிக்கொண்டே இருந்தாள். அரைமணி ஆகியிருக்கும். மாட்டின் தொடைச் சதை வெடவெடவென்று நடுங்கிற்று. பெரிதாக ஓர் ஏப்பம் விட்டது. சாணி போட்டது. பிறகு, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் தலையைத் திருப்பி, பின்னங்கால்களை ஊன்றி எழுந்து நின்றுவிட்டது!

என் கதைகளில் சாகக் கிடந்தவர்கள் எத்தனையோ பேரை நான் எழுப்பி உட்கார வைத்திருக்கிறேன். எல்லாம் பேனா மையால் செய்த காரியம். இப்படி ஓர் ஜீவன் என் கண்ணெதிரே எழுந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன். அந்தப் பெண்ணைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் மருத்துவரை வழியனுப்பிவிட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தவள் முகத்தில் சந்தோஷம் நிற்கவில்லை.

"காளைக் கன்னு பெரியப்பா" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

விவரம் தெரியாத நேயர்களுக்காகச் சொல்கிறேன். ஏர் மாடு பூட்டி உழுத காலத்தில் காளைக் கன்று பிறந்தால் வீட்டில் ஒரு ஆள் கூடியதுபோல. இப்போது உழவு டிராக்டரில் நடக்கிறது. ஜெர்ஸிக் கலப்புக் காளைக்குத் திமில் சரியாக இருப்பதில்லை, வெயில் தாங்காது, நுகத்துக்கு லாயக்கில்லை. பால் சங்கத்தில் அதற்கு அட்டை கிடையாது. ஆகவே ஒரு மாதமோ இரண்டு மாதமோ பார்த்துவிட்டு, வருகிறவனிடம் கொடுத்துவிடுகிறார்கள். அவன் எங்கே கொண்டுபோகிறான் என்று யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார்தான் கேட்பார்கள்?

"ராத்திரி ஒரு உசிரைக் காப்பாத்தினோம். யாருக்காகக் காப்பாத்தினோம்னு யோசிச்சுப் பாருங்க பெரியப்பா. மாட்டுக்காகவா, பாலுக்காகவா? இதே ஆயா, இதே மாடு வத்திப்போன கிழ மாடா இருந்தா, பதினோரு மணிக்கு டாக்டரைக் கூப்பிட்டிருப்பாங்களா?"

இந்தக் கேள்வியைத்தான் நான் இரண்டு மாதமாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். கால்நடை மருத்துவம் படிக்கிற பிள்ளை யாருக்கு வைத்தியம் செய்யப் படிக்கிறது? மாட்டுக்கா, மாட்டுக்காரருக்கா?

நம் வீடுகளில் இந்தப் படிப்பைப் பற்றி ஒரு அபிப்பிராயம் உண்டு. மனித வைத்தியத்துக்கு மார்க்குப் போதாதவர்கள் போகிற இடம் என்று. ஐந்தரை வருஷப் படிப்பு. அதில் கடைசி ஒரு வருஷம் ஆஸ்பத்திரியிலும் பண்ணையிலும் வேலை பார்த்துப் பழக வேண்டும். வாய் திறந்து "இங்கே வலிக்கிறது" என்று சொல்லத் தெரியாத நோயாளிகளை, அதுவும் பசு, எருமை, ஆடு, பன்றி, நாய், குதிரை, கோழி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வயிறும் குடலும் படைத்த நோயாளிகளைப் படிப்பது சுலபமென்று நினைப்பவர்கள் ஒரு நாள் அந்த வகுப்பில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

அது கிடக்கட்டும். இந்தப் படிப்பின் பிறப்பைப் பார்த்தால் அந்தப் பெண்ணின் சந்தேகம் ரொம்பப் பழையது என்று தெரிகிறது. உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளிக்கூடத்துக்கு 1761-ல் பிரான்சு தேசத்து லியோன் நகரத்தில் அனுமதி கிடைத்தது. அதை ஏற்படுத்தியவர் குளோத் பூர்ஷெலா என்ற குதிரையேற்ற ஆசிரியர். அப்போது ஐரோப்பாவில் மாடுகள் கூட்டம் கூட்டமாகக் கொள்ளைநோயில் செத்துக்கொண்டிருந்தன. ராஜாங்கத்துக்குப் பட்டாளத்துக் குதிரைகளும் குடியானவனின் மாடுகளும் பிழைக்க வேண்டியிருந்தன. நம் சென்னையில் 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கி, பிறகு வேப்பேரிக்கு மாறிய கல்லூரியும் அதே மாதிரிக் காரணத்தால் பிறந்ததுதான். 1989-ல் கால்நடைகளுக்கென்றே ஒரு சர்வகலாசாலையும் சென்னையில் ஏற்பட்டது. இந்தியாவில் அதுதான் முதலாவது. இவற்றில் எந்தக் கட்டடத்துக்கும், மாட்டுக்கு வலிக்கிறதே என்று யாரும் அஸ்திவாரம் போட்டதாகத் தெரியவில்லை. மாடு செத்தால் மாட்டுக்காரர் நஷ்டப்படுகிறாரே என்றுதான் போட்டார்கள். ஆனாலும் அங்கே போய்ப் படிக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் ஏதோ ஒரு நாய்க்குட்டியையோ கன்றுக்குட்டியையோ மனத்தில் வைத்துக்கொண்டு போகிறார்கள். கட்டடம் ஒன்றுக்காக, பிள்ளை இன்னொன்றுக்காக. இந்த முரண் ஐந்தரை வருஷத்தில் தீர்வதில்லை.

அமெரிக்காவில் கொலராடோ ஸ்டேட் சர்வகலாசாலையில் பெர்னார்ட் ரோலின் என்றொரு தத்துவப் பேராசிரியர் இருந்தார். 2021-ல் காலமானார். 1978 முதல் கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு நீதிநெறிப் பாடம் நடத்தியவர். அவர் இந்தக் கேள்வியை இப்படிக் கேட்டார்: கால்நடை மருத்துவர் குழந்தை வைத்தியரைப் போன்றவரா, மோட்டார் மெக்கானிக்கைப் போன்றவரா? குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்த தகப்பன், "வைத்தியத்துக்குச் செலவு அதிகமாகிறது, விட்டுவிடுங்கள்" என்றால் குழந்தை வைத்தியர் விட்டுவிட மாட்டார். மோட்டார்க்காரர், "பழுது பார்க்க வேண்டாம், பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்" என்றால் மெக்கானிக் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். அந்த மாடு குழந்தையா, மோட்டாரா?

கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உத்திரமேரூர்க் கொட்டகையில் இதை வைத்துப் பார்த்தால் எங்கோ இடிக்கிறது. ஆயா தன் மாட்டை மோட்டாராக நினைக்கவில்லை. அதற்கு லட்சுமி என்று பெயர் வைத்திருக்கிறார். மாட்டுப் பொங்கலன்று அதற்கு ஊட்டிவிட்ட பிறகுதான் அவர் வாயில் சோறு இறங்கும். அதே சமயம் லட்சுமியின் பாலை நம்பித்தான் வீட்டில் பாதிக் குடும்பம் நடக்கிறது. மாடு வாங்கப் பாங்கியில் வாங்கிய கடன் இன்னும் தீரவில்லை. மோட்டார்க்காரருக்கு மோட்டார் போனால் பஸ் இருக்கிறது. ஆயாவுக்கு லட்சுமி போனால் என்ன இருக்கிறது?

நகரத்தில் உட்கார்ந்துகொண்டு மாட்டின் கட்சியில் பேசுவது எளிது. எனக்கும் எளிதாகத்தான் இருந்தது. அன்று இரவு நான் மெல்ல, "காளைக் கன்றென்றால் விற்றுவிடத்தான் வேண்டுமா அம்மா?" என்று ஆயாவைக் கேட்டேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க வச்சுக்கிறீங்களாப்பா? மெட்ராசுக்கு ஓட்டிக்கிட்டுப் போங்களேன். கோமாதா கோமாதான்னு சொல்றவங்க யாரும் எனக்கு ஒரு கட்டு வைக்கோல் வாங்கிப் போட்டதில்லே" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். அடுக்குமாடி வீட்டில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவனுக்குத் தர்மம் பேச என்ன யோக்கியதை?

மறுநாள் காலையில் நானும் அந்தப் பெண்ணும் வைகுண்டப் பெருமாள் கோயில் வரைக்கும் நடந்துவிட்டு வந்தோம். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. 919-லும் 921-லும் பொறித்தவை. நடந்துகொண்டே அவள் தன் முதல் வருஷத்தைப் பற்றிச் சொன்னாள்.

முதல் வருஷத்தில் உடற்கூறு வகுப்பு. நீளமான மேஜையின்மேல் ஓர் எருமைக் கன்று. மயக்க மருந்து கொடுத்து, இரத்தத்தை வடித்து, அதே குழாய் வழியாக ஃபார்மலின் ஏற்றிப் பதப்படுத்தி வைத்திருந்தார்கள். அந்த நெடியில் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்குமாம். "அது அழுகையா, மருந்து நெடியான்னு யாரும் கேக்க மாட்டாங்க பெரியப்பா. அதனால முதல் வாரம் சௌகரியமா இருந்தது" என்றாள். மாதக் கணக்கில் அதே கன்றைத் தோல், தசை, நரம்பு, எலும்பு என்று பிரித்துப் பார்த்தார்கள். இரண்டாவது மாதத்தில் தன் கண்ணில் தண்ணீர் வருவது நின்றுவிட்டதென்றும், அன்றுதான் தனக்குப் பயமாக இருந்ததென்றும் சொன்னாள்.

இந்தப் பயம் நமக்கு விலைமதிப்புள்ளதாகப் படுகிறது. நம் நாட்டுச் சட்டத்துக்கும் இது தெரிந்திருக்கிறது. கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல் 1950-களில் ராஜ்ய சபையில் பிராணிகளுக்காகத் தாமே ஒரு மசோதா கொண்டுவந்தார். சர்க்காரே அதைக் கவனிக்கும் என்று நேரு உறுதி கூறியதன்பேரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960-ல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல் ஏற்பட்ட பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே தலைவரானார். அந்தச் சட்டத்தில், பிராணிகளை வைத்துச் சோதனை செய்வது பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. புத்தகம், மாதிரி உருவம், திரைப்படம் இவற்றால் அதே காரியம் ஆகுமானால் கல்லூரிகளில் பிராணியைத் தொடாமல் தவிர்க்க வேண்டும் என்கிறது. வெறும் கைப்பழக்கத்துக்காகச் சோதனை செய்வது கூடியவரை கூடாது என்கிறது. "கூடியவரை" என்ற அந்த ஒரு சொல்லை எத்தனை பேர் எத்தனை விதமாக இழுத்திருப்பார்கள்!

2014-ல் சர்வகலாசாலை மானியக் குழு, விலங்கியல் மாணவர்கள் தவளையையும் மற்றதையும் அறுத்துப் பார்ப்பதை நிறுத்தச் சொல்லிற்று. நல்ல காரியம். பாங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ வேலைக்குப் போகப்போகிற பிள்ளை பட்டத்துக்காக ஒரு தவளையைக் கொல்வானேன்? ஆனால் மாட்டு வைத்தியம் படிக்கிற பிள்ளைக்கு அப்படிச் சொல்லிவிட முடியவில்லை. நேற்று ராத்திரி கழுத்து நரம்பை இருட்டில் விரலால் தடவிக் கண்டுபிடித்த கை, ஏதோ ஒரு கழுத்தில் முதலில் பழகிய கைதானே? தானாகச் செத்த பிராணியின் உடலையே பாடத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ரப்பரால் செய்த பசுவில் பிரசவம் பார்க்கப் பழகலாம் என்கிறார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. எல்லா இடத்திலும் அது நடக்கிற வரைக்கும் மேஜைமேல் ஒரு கன்று கிடக்கத்தான் போகிறது.

மனிதர்களில் சிலர் தங்கள் உடலை வைத்தியக் கல்லூரிக்கு எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். எருமைக் கன்று உயில் எழுதவில்லை. அதன் இனத்துக்குத்தானே அந்த அறிவு பயன்படப்போகிறது என்று ஒரு சமாதானம் சொல்லலாம். எனக்கும் முதலில் அது பொருத்தமாகத்தான் பட்டது. ஆனால் இனத்துக்கு நன்மை என்ற கணக்கு நம்முடைய கணக்கு. கன்றுக்கு இனம் என்று ஒன்று தெரியுமா? அதற்குத் தெரிந்ததெல்லாம் தன் தாய், தன் பசி, தன் கழுத்துக் கயிறு. அதோடு, ஓர் இனத்தின் கடனை அதே இனம் அடைக்கிறது என்றாவது இருந்தால் மனம் ஒருவாறு சமாதானம் ஆகும். அப்படியும் நடப்பதில்லை.

வெக்கை நோய் என்ற பெயரை இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆயாவுக்குத் தெரியும். அது வந்த ஊரில் கொட்டகைகள் ஒரே வாரத்தில் காலியாகும். வாயெல்லாம் புண்ணாகி, கழிச்சலாகி, நின்ற மாடு சரிந்து விழும். இமயமலைச் சாரலில் முக்தேஸ்வர் என்ற இடத்து ஆராய்ச்சி நிலையத்தில் 1920-களில் எட்வர்ட்ஸ் என்பவர் இந்த நோய்க்கு ஒரு வழி கண்டார். மாட்டு நோய்க் கிருமியை ஓர் ஆட்டுக்கு ஏற்றி, அந்த ஆட்டிலிருந்து எடுத்து இன்னொரு ஆட்டுக்கு ஏற்றி, இப்படியே மாற்றி மாற்றிக் கொண்டுபோனால் மாட்டைக் கொல்கிற வீரியம் அதற்குக் குறைந்துவிடுகிறது. ஆட்டின் மண்ணீரலை உலர்த்தித் தடுப்பு மருந்து செய்தார்கள். 1954-ல் இந்தியா முழுவதும் வெக்கை ஒழிப்பு இயக்கம் தொடங்கியபோது அந்த ஆட்டு மருந்தைத்தான் நம்பித் தொடங்கினார்கள். பிறகு, கன்றுச் சிறுநீரகத்தின் உயிரணுக்களில் வளர்த்த மருந்தை வால்ட்டர் ப்ளோரைட் கென்யாவில் கண்டுபிடித்தார். இந்தியாவில் 1995-க்குப் பிறகு அந்த நோய் இல்லை. 2011-ல் உலகத்திலேயே அது இல்லையென்று அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் பூண்டோடு ஒழித்த நோய் அது ஒன்றுதான்.

எத்தனை கோடி மாடுகள் பிழைத்தன! எத்தனை குடும்பங்கள் பிழைத்தன! நான் மறுக்கவில்லை. உத்திரமேரூர் ஏரிக்கரையில் இன்று மேய்கிற ஒவ்வொரு மாடும், இமயமலையில் பெயர் தெரியாமல் செத்த ஏதோ ஓர் ஆட்டுக்குக் கடன்பட்டது. மாடு அந்தக் கடனை அறியாது. ஆடு அந்தக் கடனைக் கொடுக்கச் சம்மதிக்கவும் இல்லை. இடையில் நின்று வாங்கிக் கொடுத்தவர்கள் நாம். வாங்கியது தப்பு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தப்பில்லை என்று சொல்லவும் நாக்கு எழவில்லை.

கோயில் மதிலருகில் நின்று நான் இதைச் சொன்னபோது அந்தப் பெண் சிரித்தாள். "நீங்க பரவாயில்லே பெரியப்பா, தெரிஞ்சு வாங்கின கடனைப் பத்திக் கவலைப்படறீங்க. எங்களுக்குத் தெரியாமலே வாங்கின கடன் ஒண்ணு இருக்கு" என்று கழுகுகளின் கதையைச் சொன்னாள்.

இங்கிருந்து கிழக்கே, பழைய செங்கற்பட்டு ஜில்லாவில்தான் திருக்கழுக்குன்றமும் இருக்கிறது. நடுப்பகலில் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையிலிருந்து பிரசாதம் வாங்கித் தின்றுவிட்டுப் போகும். சிறு வயதில் என் தகப்பனார் தோளில் உட்கார்ந்து நான் அதைப் பார்த்திருக்கிறேன். 1990-களில் அவை வருவது நின்றுபோயிற்று. அவை ஏன் நின்றன என்பது வேறு கதை. ஆனால் அதே காலத்தில் இந்தியா முழுவதும் பிணந்தின்னிக் கழுகுகள், பாறு என்று நம் பழந்தமிழ் சொல்லுமே அந்தப் பறவைகள், ஆயிரம் ஆயிரமாகச் செத்து விழுந்தன. வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தது. யாருக்கும் காரணம் புரியவில்லை. 2004-ல்தான் வெளிப்பட்டது. டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து. நமக்கு மூட்டு வலிக்குக் கொடுக்கிறார்களே, அதேதான். நோயில் துடிக்கிற மாட்டின்மேல் இரக்கப்பட்டு அதைப் போட்டார்கள். மாடு பிழைக்காமல் செத்தால் அதன் உடலில் மருந்து தங்கியிருந்தது. அதைத் தின்ற பறவைகளின் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. 2006-ல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தயாரிப்பதை அரசாங்கம் தடை செய்தது. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்தும் இருக்கிறது. தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கிற பாறுகளைப் பார்க்க இப்போது நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும்.

ஊசி போட்டவர் கெட்டவரா? மாடு வலியில் துடித்தது. மாட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மருத்துவர் இருவருக்கும் உதவினார். மாட்டுக்கா, மாட்டுக்காரருக்கா என்று அவரைக் கேட்டிருந்தால், இரண்டு பேருக்கும் என்று நிமிர்ந்து சொல்லியிருப்பார். வானத்தில் மூன்றாவது ஒன்று வட்டமிட்டுக்கொண்டிருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

கல்வெட்டுக்கு வருகிறேன். அந்த ஊர்ச் சபையில் ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று வைத்து, முப்பது குடும்புகளிலிருந்தும் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஆளை எடுத்தார்கள் என்பது பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். ஓலையில் பெயர் ஏற வேண்டுமானால் வரி கொடுக்கிற நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை மறுபடி குடத்தில் போடக்கூடாது. அவன் உறவினர் பெயரையும் போடக்கூடாது.

"நிலமும் வீடும் இருந்தாத்தான் ஓலை. மாட்டுக்கு ஏது பெரியப்பா?" என்றாள் அந்தப் பெண். சற்றுப் பொறுத்து, "கணக்குக் காட்டறதுன்னு ஒண்ணு இருக்கில்லே, அது எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.

அவள் எதை நினைத்துச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் அவள் கையெழுத்துக்கு ஒரு பலம் வரப்போகிறது. தமிழ்நாட்டில் 1958-லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. மாடு பத்து வயதுக்கு மேற்பட்டு, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்றாலோ, தீராத நோயாலோ ஊனத்தாலோ நிரந்தரமாகப் பயனற்றுப்போயிற்று என்றாலோ, அப்படிச் சான்று கிடைத்த பிறகுதான் அதை வெட்டலாம். பயனற்றது! யாருக்குப் பயனற்றது என்று சட்டம் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. மாட்டின் வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்லலாம். அது பயனற்றது என்று எதைப் பார்த்துச் சொல்வது? இந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு நாள் பேனாவை நீட்டப்போகிறார்கள். அவளுக்கு முன்னால் ஒரு கிழ மாடும் அதைவிடக் கிழவரான ஒரு மாட்டுக்காரரும் நிற்பார்கள். இருவரில் யார் அதிகமாக இளைத்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாமல் இருக்கும்.

அப்போது அவள் என்ன செய்ய வேண்டும்? கையெழுத்தே போடாதே என்று நான் சொல்லலாம். அவள் போடாவிட்டால் அந்த மாடு பட்டினியில் சாகும். அல்லது சான்று இல்லாமலே ராத்திரியில் லாரியில் ஏறும். மாட்டுக்காரர் ஏழை, ஆகவே போட்டுவிடு என்றும் சொல்லலாம். அப்படிப் போட்டுப் போட்டு, ஃபார்மலின் நெடி பழகிப்போனதுபோல் அதுவும் பழகிப்போகும். இப்போது பெண் கன்றாகவே பிறக்கும்படி விந்தைப் பிரித்தெடுக்கிற வித்தை வந்திருக்கிறது. காளைக் கன்று பிறந்தால்தானே இந்தத் தர்மசங்கடம், பிறக்காமலே செய்துவிட்டால் தீர்ந்தது என்கிறது விஞ்ஞானம். புத்திசாலித்தனம்தான். ஆனால் கிழமாட்டைப் பிறக்காமல் செய்ய யாராலும் முடியாது.

என் எண்ணத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மாட்டுக்கா, மாட்டுக்காரருக்கா என்ற கேள்விக்கு ஏதாவது ஒரு பக்கம் விடை கண்டுபிடித்து நிம்மதியாகிவிடுகிற மருத்துவரை எனக்குப் பயம். மாட்டின் கட்சியே பேசுகிறவர் ஆயாவை ஒருநாள் கொடியவள் என்று சொல்லிவிடுவார். மாட்டுக்காரரின் கட்சியே பேசுகிறவருக்கு மாடு நாளடைவில் நாலு காலுள்ள பால் புட்டி ஆகிவிடும். மாடு எவ்வளவு வேதனைப்படுகிறது என்பதும், வீட்டில் அரிசி எவ்வளவு இருக்கிறது என்பதும் ஒருசேரத் தெரிந்த ஒரே ஆள் அந்த ஊரில் அவர்தான். இரண்டும் தெரிந்தவருக்குத் தூக்கம் சற்றுக் குறையத்தான் செய்யும். அந்தத் தூக்கக் குறைவைக் குணப்படுத்த வேண்டிய வியாதியாக நான் நினைக்கவில்லை.

இப்படியெல்லாம் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணோ அதற்கு முந்தைய ராத்திரியே ஒரு காரியம் செய்து முடித்திருந்தாள். அதை நான் இன்னும் சொல்லவில்லை.

மாடு எழுந்து நின்றதும் ஆயா செம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். சீம்பால். முதல் நாள் சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் கிண்டி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுப்பது அந்தத் தெருவில் வழக்கம். சாகக் கிடந்த மாடு பிழைத்த சந்தோஷம் வேறு. பேத்தி செம்பை வாங்கிக்கொண்டாள். பால் காய்ச்சல் கண்ட மாட்டை முதல் நாள் ஒட்டக் கறக்கக்கூடாது, கொஞ்சம்தான் கறக்கலாம், அந்தக் கொஞ்சமும் கன்றுக்குத்தான் என்றாள்.

"விக்கப்போற கன்னுக்கு எதுக்குடி சீம்பாலு?" என்றார் ஆயா.

பேத்தி வாதாடவில்லை. பாடம் சொன்னாள். மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி வயிற்றுக்குள்ளேயே கொஞ்சம் வந்துவிடுகிறது. கன்றுக்கு அப்படி வருவதில்லை. எல்லாம் சீம்பாலில்தான் இருக்கிறது. அதையும் முதல் சில மணி நேரத்துக்குள் குடித்தால்தான் குடல் வாங்கிக்கொள்ளும். விடிந்து கொடுத்தால் பாதிகூட ஒட்டாது. "எத்தனை நாள் இருந்தாலும் இருக்கிற வரைக்கும் கழிச்சல் இல்லாம இருக்கட்டும் ஆயா."

ஆயா முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். படிக்கப் போட்ட காசெல்லாம் காளைக் கன்னுக்குப் பாலூத்தத்தானா என்று கூடத்திலிருந்து குரல் கேட்டது. பேத்தி கறந்ததை ரப்பர்க் காம்பு வைத்த புட்டியில் ஊற்றி, நடுங்கிக்கொண்டிருந்த கன்றைத் தன் முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி, தாடையை ஏந்திப் பிடித்துக் குடிக்க வைத்தாள். நான் டார்ச் விளக்கைப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் ஆயா திரும்பி வந்தார். கையில் ஒரு பழைய சாக்கு. கன்றின் முதுகில் அதைப் போர்த்திவிட்டு, "குளுருல செத்துத் தொலைஞ்சா அது வேற பாவம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே போய்விட்டார்.

சென்ற வாரம் அந்தப் பெண் கல்லூரி விடுதியிலிருந்து என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். கன்றை விற்றாகிவிட்டதாம். கழிச்சல், சளி ஒன்றும் வராமல் நன்றாகத் தேறியிருந்ததாம். அவள் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து ஆயா கொடுத்திருக்கிறார்.

"ஏன் ஆயா, என்கிட்ட சொல்லக்கூடாதான்னு கேட்டேன் பெரியப்பா. நீ இருந்தா அழுவே, உன்னைப் பார்த்தா நானும் அழுவேன், அப்புறம் கயித்தை யாரு அவிழ்க்கிறதுன்னு சொல்றாங்க."

பிறகு லட்சுமியின் கறவையைப் பற்றிக் கொஞ்சம் பேசினாள். திங்கட்கிழமை அவளுக்குப் பரீட்சை.